மகாலட்சுமி டின்னும் மாமனாரும்

கோபம் வந்தால் சிலருக்குக் கை நீளும், சிலருக்குக் கண்ணீர் வரும். எனக்கு இயற்பியல் வரும். அந்த வியாதி முற்றியது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாகக் காபித் தட்டோடு நின்றேன். (வாயைத் திறக்க மாட்டேன் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.) மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே அண்ணாமலையாரே என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, டிபனுக்கு வைத்த இட்லிப் பானையின் மூடி தடதடவென்று ஆடியது. மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்தார்.

"இப்படி கெட்டில் மூடி ஆடறதப் பாத்துதான் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினக் கண்டுபுடிச்சாரு. நம்ம பொம்பளைங்களும் தெனம் பாக்கறாங்க. என்னத்தக் கண்டுபுடிச்சாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மூச்சில் வரலாற்றையும் கெடுத்து எங்களையும் கேலி செய்ய இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

"வாட் கண்டுபுடிக்கலீங்க மாமா. அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே நியூகோமன்னு ஒரு இரும்பு வியாபாரி, சுரங்கத்துல தண்ணி இறைக்க என்ஜின் ஓட்டிட்டாரு. அதுல நீராவி தள்ளல. நீராவி குளுந்து தண்ணியாயிட்டா உள்ள வெற்றிடம். வெளிக்காத்துதான் பிஸ்டன அமுக்கும். வாட் அந்த நீராவியத் தனிப் பாத்திரத்துல குளிரவெச்சு கரிச் செலவக் கம்மி பண்ணாரு, அவ்ளோதான்."

"காத்து அமுக்குமா!" என்று அவர் மறுபடியும் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். எம்.எஸ்ஸி. முடித்த திமிர் விடுமா? காலி நெய் டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். (பாட்டுப் பாட வேண்டிய பெண் டின் காய்ச்சுவதைப் பார்த்து, தடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.) ஆவி பறந்ததும் இறக்கி, மூடியை இறுக்கி, ஹாலின் நடுவில் வைத்து ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினேன்.

டமார்! டின் அப்பளமாக நசுங்கியது. மாப்பிள்ளையின் அம்மா பதறிக் காபியைத் தன் பட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டார். பிறகுதான் டின்னில் இருந்த படத்தைக் கவனித்தார்.

"ஐயோ, பொண்ணு பாக்க வந்த எடத்துல மகாலட்சுமியே நசுங்கிட்டாளே!"

(நெய் டின்னில் மகாலட்சுமியைப் போடச் சொன்னது நானா?) அம்மா என்னை முறைத்தாள். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது மாப்பிள்ளை எழுந்து வந்து டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்க சொல்றதுதான் கரெக்டுப்பா. காத்துதான் அமுக்கியிருக்கு. நீங்க சொன்னது தப்பு."

அப்பாவின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்கிறவரை விடலாமா? அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

நசுங்கிய மகாலட்சுமி இன்று அடி அண்ணாமலையில், மாமனார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறாள். கிரிவலம் வரும் உறவினர்கள் அத்தனை பேரிடமும் அவளை எடுத்துக் காட்டி மாமனார் பெருமையடிக்கிறார்.

"ஜேம்ஸ் வாட்டுன்றதெல்லாம் பொய்யிங்க. நீராவி என்ஜினக் கண்டுபுடிச்சது எங்க மருமவதான்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நியூகோமன் பெயரைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்கிறார்:

"அது யாரும்மா, உங்கப்பா வழிச் சொந்தமா?"