கூறை பம்பலப்பிட்டியில, நாங்கள் வெள்ளவத்தையில

எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. ஆராவது எங்கயாவது போகப்போறம் எண்டு வாயைத் திறந்தாக் காணும், என்ர கை தானா ஃபோனை எடுத்து எக்செல் ஷீட் ஒண்டைத் திறக்கும். மருந்து இல்லை. மெனேஜ்மென்ட் படிச்ச ஆக்களுக்கு இது கொஞ்சம் கூடுதலா வரும் எண்டு அப்பா சொல்லுவார். (அப்பா சொல்லுற சொல்லு வேற. நான் டீசன்டாக்கிப் போட்டிருக்கிறன்.)

இந்த வருத்தம் முத்தினது வினோ மச்சான்ர கலியாணத்துக்கு. அம்மான்ர தம்பி, அதாவது என்ர மாமா, லண்டனில இருக்கிறார். அவற்ர ஒரே மகன்தான் வினோ. பொம்பிளை யாழ்ப்பாணம். மாமா, மாமி, வினோ மூண்டு பேரும் கொழும்பில இறங்கி, வெள்ளவத்தையில எங்கட ஃப்ளட்டில ரெண்டு நாள் நிண்டு, பிறகு காலமை ட்ரெயினில யாழ்ப்பாணம் போறது. அடுத்த நாள் விடியக் கலியாணம். எங்களுக்கு அந்த ட்ரெயினில சீட் கிடைக்கேல்ல. நாங்கள் அண்டிரவு பஸ்ஸில போய்ச் சேருறது எண்டு ஏற்பாடு.

"ரெண்டு நாள் பிளானை நான் பாக்கிறன். ஒருத்தரும் டென்ஷன் ஆக வேண்டாம்" எண்டு சொன்னன். அந்த வசனத்தில இருந்துதான் எல்லாருக்கும் டென்ஷன் தொடங்கினது.

ஷீட்டில கலர் கலரா எல்லாம் இருந்தது. கொட்டாஞ்சேனையில கோயில், புறக்கோட்டையில ஷொப்பிங், பின்னேரம் கோல்ஃபேஸ் கடற்கரையில இறால் வைச்ச இஸ்ஸோ வடை, நடுவில 'குடும்பமா நிண்டு சிரிக்கிறது' எண்டு ஃபோட்டோவுக்கு ஒரு கட்டம். எங்கட வீட்டில ஒரே ஒரு பாத்ரூம் எண்டபடியா குளிக்கிறதுக்கும் ஆளுக்கொரு டைம் போட்டிருந்தன். மாமா லண்டன் நேரத்திலயே வாழ்ந்துகொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைக் கோயிலில பூசை நடக்கேக்க தூணில சாய்ஞ்சு நித்திரை. புறக்கோட்டையில சட்டைக் கடை ஸ்டூலில நித்திரை. 'சிரிக்கிறது' கட்டத்தில எடுத்த ஃபோட்டோவில மாமா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

அது பரவாயில்லை. பிரச்சினை வந்தது கூறையில.

எங்கட பக்கத்தில பொம்பிளைக்குக் கூறைச் சேலையும் தாலிக்கொடியும் மாப்பிள்ளை வீடுதான் கொண்டுபோறது. தாலிக்கொடி மாமியின்ர கைப்பையை விட்டு இறங்கவே இல்லை, அவ பாத்ரூமுக்கும் அதோடதான் போனவ. கூறை ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியில இருந்தது. பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் பொம்பிளையின்ர அப்பா கோல் எடுத்தார்.

"சம்பந்தி, பஞ்சாங்கம் பாத்தனான். நாளைக்கு நீங்கள் வெளிக்கிடுற நேரம் சரியில்லை. மரணயோகம்."

மாமியின்ர முகம் வெளிறிப் போச்சு. "அப்ப ட்ரெயினை மாத்துவமோ?"

"லண்டனில இருந்து வரேக்க ஏதும் யோகம் பாத்தே ஃப்ளைட் புக் பண்ணினனீர்?" எண்டு மாமா கேட்டார். (அந்த ரெண்டு நாளில அவர் முழிச்சிருந்து சொன்ன ஒரே வசனம்.)

அப்ப அம்மாதான் ஒரு வழி சொன்னா. பழைய ஆக்கள் என்ன செய்யிறவை எண்டா, முதல் நாளே நல்ல நேரம் பாத்து, முக்கியமான பெட்டியை மட்டும் வெளியில எடுத்து இன்னொரு வீட்டில வைச்சிடுவினம். அப்ப பயணம் அந்த நல்ல நேரத்திலயே தொடங்கின கணக்கு. அடுத்த நாள் போற வழியில பெட்டியை எடுத்துக்கொண்டு போறது. யோகத்தையே ஏமாத்திப் பேய்க்காட்டுறது!

"சூப்பர்! என்ர ஃப்ரெண்ட் சிந்துவின்ர வீடு பம்பலப்பிட்டி. கோட்டை ஸ்டேஷனுக்குப் போற வழி. காலமை வான் அங்க நிக்கும், பெட்டியை எடுப்பம், போவம்" எண்டன் நான்.

பின்னேரம் நல்ல நேரத்தில நானும் மாமியும் பெட்டியைக் கொண்டுபோய் சிந்துவின்ர அம்மாட்டக் குடுத்திட்டு வந்தம். மாமி வழியில என்ர கையைப் பிடிச்சு, "உன்னைப் போல ஒரு மகள் எனக்கு இல்லையே பிள்ளை" எண்டா. நான் கொஞ்சம் உயரம் வளந்த மாதிரி இருந்தது.

அண்டைக்கு இரவுச் சாப்பாட்டோட எனக்கு ரெண்டாவது ஐடியா வந்தது. அந்த ட்ரெயின் கோட்டையில தொடங்கிறேல்ல. கல்கிசையில இருந்து வெளிக்கிட்டு எங்கட வீட்டுக்குப் பின்னால, வெள்ளவத்தை ஸ்டேஷனில நிண்டுதான் போறது! என்னத்துக்கு வான், என்னத்துக்குக் கோட்டை வரைக்கும் போறது? ஸ்டேஷன் ரோட்டால இறங்கி நடந்தா அஞ்சு நிமிஷம்.

"வானை கென்சல் பண்ணுறன்!" எண்டு எழும்பி நிண்டு அறிவிச்சன். எல்லாரும் கை தட்டினவை. வினோ, "அபி, நீ லெஜன்ட்" எண்டான். அப்பா கூட ஒண்டும் சொல்லேல்ல. அதுவே எனக்குப் பட்டம் கிடைச்ச மாதிரி.

நான் ரெண்டு பிளான் போட்டிருந்தன். ரெண்டுமே நல்ல பிளான். ஒண்டு மற்றதைக் கொன்று போட்டுது எண்டது மட்டும் எனக்கு விளங்கேல்ல.

காலமை எல்லாம் அச்சொட்டா நடந்தது. பாத்ரூம் கியூ கொஞ்சம் இழுத்தபடியா என்ர குளியல் டைமை நான் தியாகம் செய்தன். வழியனுப்பத்தானே போறன் எண்டு இரவு போட்ட வெள்ளை டீ ஷேர்ட், வீட்டுச் செருப்பு. வெளிக்கிட முதல் ஒவ்வொரு அறையா போய்ப் பாத்தன். கட்டிலுக்குக் கீழயும் பாத்தன். வீட்டில ஒரு பெட்டியும் மிச்சமில்லை. (உண்மைதான். வீட்டில இல்லைத்தான்.)

பிளட்ஃபோமில நல்ல கடல் காத்து. லண்டன் பெட்டியெல்லாம் வரிசையா நிக்குது. மாமா ஒரு பெட்டிக்கு மேல இருந்து கண்ணை மூடிட்டார். தெஹிவளைப் பக்கம் ட்ரெயினின்ர லைட் சின்னதாத் தெரியுது. என்ன ஒரு நிம்மதி! நான் வினோவோட செல்ஃபி எடுத்து 'மிஷன் கம்ப்ளீட்' எண்டு ஸ்டேட்டஸ் போட்டன்.

மாமி மெதுவா, சாதாரணமாத்தான் கேட்டா. "பிள்ளை, கூறைப் பெட்டி எங்க?"

என்ர கண் தானா பம்பலப்பிட்டிப் பக்கம் திரும்பிச்சு.

"ஐயோ!" எண்டு அம்மாதான் முதல் கத்தினா. "அந்தப் பிள்ளை வீட்டிலயெல்லோ!"

மாமியின்ர கண் நிறைஞ்சிட்டுது. "பின்னேரம் கூறையைக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் பிளவுஸ் தைக்கலாம். தையல்காரி பொம்பிளை வீட்டில வந்து இருக்கிறாவாம். விடியக் கலியாணம். பிளவுஸ் இல்லாமப் பொம்பிளை மணவறையில எப்பிடி இருக்கிறது?"

"நிண்டு பின்னேர பஸ்ஸில போவமோ?" எண்டான் வினோ.

"பஸ் போய்ச் சேரேக்க உனக்குத் தாலி கட்டுற நேரம் வந்திடும்" எண்டா அம்மா.

ட்ரெயின் கிட்ட வந்திட்டுது. அப்பவும் என்ர வாய் சும்மா இருக்கேல்ல. "நீங்கள் ஏறுங்கோ! நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கோட்டையில நிப்பன்! கோட்டையில இது கன நேரம் நிக்கும்!" எண்டு கத்திட்டு ஓடினன்.

வெளியில ஒரு த்ரீவீல். அதுக்குள்ள வயசான முஸ்லிம் நானா ஒருத்தர் பிளேன்டீ குடிச்சுக்கொண்டு இருந்தார்.

"நானா, பம்பலப்பிட்டி, அங்க இருந்து கோட்டை! இந்த ட்ரெயினுக்கு முதல்!"

அவர் ட்ரெயினைப் பாத்தார். என்ர செருப்பைப் பாத்தார். "கோச்சி எல்லா ஸ்டேசன்லயும் நிப்பாட்டும் தங்கச்சி. நான் நிப்பாட்ட மாட்டன். ஏறுங்க."

மரீன் ட்ரைவில ஒரு பக்கம் கடல், நடுவில ட்ரெயின், இந்தப் பக்கம் நாங்கள். வினோ வாசலில தொங்கிக்கொண்டு என்னை வீடியோ எடுக்கிறான். ஜன்னலுக்குள்ள மாமி கைப்பையை நெஞ்சோட அணைச்சுக் கும்பிட்டபடி. மாமா? ஜன்னலில சாய்ஞ்சு நித்திரை.

சிந்துவின்ர வீட்டுப் பெல்லை நான் அமத்தின அமத்தலில அவவின்ர அம்மா சீப்பும் கையுமா ஓடி வந்தா.

"அன்ரி, பெட்டி! கெதியா!"

"சாமியறையில வைச்சிருக்கிறன் பிள்ளை. கூறையெல்லே, கண்ட இடத்தில வைக்கலாமே? விளக்கும் கொளுத்தி விட்டனான்." நான் உள்ள பாய, அன்ரி கையைக் குறுக்கால நீட்டினா. "நில்லு. குளிச்சிட்டியோ?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லுறதுக்கு ஒரு முகம் வேணும். என்ர முகத்தில தலகாணியின்ர கோடு இன்னும் இருந்தது.

"இல்லை அன்ரி. நீங்களாவது எடுத்துத் தாங்கோ."

"நானும் இன்னும் முழுகேல்ல. சிந்து இன்னும் படுக்கையில. இவர் மட்டும்தான் குளிச்சவர், வோக்கிங் போயிட்டார்."

ஃபோன் அடிச்சுது. வினோ. "அபி, நாங்கள் பம்பலப்பிட்டியில நிக்கிறம், நீ எங்க?"

"நானும் பம்பலப்பிட்டியிலதான்டா! சாமியறைக்கு வெளியில!"

ட்ரெயின் கூவுற சத்தம் ஃபோனிலயும் கேட்டுது, ஜன்னலாலயும் கேட்டுது. என்ர கண்ணில தண்ணி வந்திட்டுது. அன்ரிக்கு மனசு இளகிச்சு. "அழாத. ஒரு வழி இருக்கு" எண்டு குசினிக்குள்ள போய், செம்பு நிறைய மஞ்சள் தண்ணி கரைச்சுக்கொண்டு வந்தா. தெளிக்கப் போறா எண்டு நினைச்சன். அன்ரி எதையும் அரைகுறையாச் செய்யிற ஆள் இல்லை. முழுச் செம்பையும் உச்சந்தலையில வாத்தா.

"இப்ப போய் எடு."

நான் த்ரீவீலில திரும்பி ஏறினதைப் பாத்த நானா பிரேக்கை விட மறந்து போனார். "உள்ள மழையா?" எண்டு மட்டும் கேட்டார்.

கோட்டை ஸ்டேஷன் கேற்றில டிக்கெட் பாக்கிறவர் கையை நீட்டினார். "டிக்கெட் எக்க?" என்னட்ட டிக்கெட்டும் இல்லை, மூச்சும் இல்லை. "அனே அய்யே... வெடிங் சாரி... கோச்சிய!" எண்டு பெட்டியைத் தூக்கிக் காட்டினன். தலையில இருந்து மஞ்சள் ஒழுகுற பெட்டை ஒண்டு கலியாணச் சாரியோட ட்ரெயினுக்கு ஓடுது. மனிசன் என்னையே பொம்பிளை எண்டு நினைச்சிட்டார் போல. "துவன்ன நங்கி, துவன்ன!" எண்டு கேற்றைத் திறந்து விட்டார். ஓடச் சொன்னா நிக்கிற ஆளா நான்?

அம்பிட்ட ட்ரெயின் பெட்டிக்குள்ள ஏறினன். எங்கட ஆக்கள் மற்றத் தொங்கலில, கடைசிப் பெட்டியில. கூறையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாத் தாண்டி, "எக்ஸ்கியூஸ் மீ, விலகுங்கோ, சமாவென்ன" எண்டு மூண்டு பாஷையிலயும் ஆக்களை மஞ்சளாக்கிக்கொண்டு போய் மாமியின்ர மடியில பெட்டியை வைச்சன். மாமி பெட்டியைக் கட்டிப்பிடிச்சா. பிறகு என்னையும் கட்டிப்பிடிச்சா. பிறகு தன்ர சாரியில மஞ்சளைப் பாத்து என்னைத் தள்ளி விட்டா.

"சரி மாமி, நான் இறங்கிறன்" எண்டு திரும்பினா, பிளட்ஃபோம் பின்னால போய்க்கொண்டிருக்குது.

டிக்கெட் இல்லாம ஏறினதுக்கு மாமா தண்டம் கட்டினார். (அதுக்கும் எழுப்பித்தான் கட்ட வைச்சம்.) சீட் இல்லாதபடியா மாமியின்ர காலடியில இருந்துதான் போனன். குருநாகல் தாண்டேக்க டீ ஷேர்ட் காய்ஞ்சிட்டுது. அனுராதபுரம் தாண்டேக்க அது துணி இல்லை, அப்பளம்.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில பொம்பிளை வீட்டு ஆக்கள் சந்தனக் கும்பாவோட நிண்டவை. நான் ஒளிக்கப் பாத்தன். மாமி விடேல்ல, "பெட்டியை நீயே தூக்கு, இவ்வளவு தூரம் கொண்டு வந்தனீ" எண்டா. பொம்பிளையின்ர பெரியம்மா, கொஞ்சம் அதிகாரமான மனுசி, என்னை உச்சியில இருந்து வீட்டுச் செருப்பு வரைக்கும் பாத்தா.

"இதென்ன சம்பந்தி, பிள்ளை மஞ்சளாக் கிடக்கு?"

மாமா வாயைத் திறந்தார். மாமி அவற்ர காலை மிதிச்சா. கூறையைப் பம்பலப்பிட்டியில விட்டிட்டு வந்த கதையைச் சொன்னா, அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டும் எண்டு அவவுக்குத் தெரியும்.

"அது எங்கட கொழும்புப் பக்கத்து வழக்கம்" எண்டா மாமி, கண்ணே சிமிட்டாம. "கூறை கொண்டுவாற ஆளுக்கு மஞ்சள் தண்ணி வாத்துத்தான் அனுப்புறது. பெட்டிக்குக் கண்ணூறு படாது."

பெரியம்மா என்ர தலையில காய்ஞ்ச மஞ்சளைத் தொட்டுப் பாத்தா. பிறகு தலையை ஆட்டினா. "நல்ல வழக்கம்."

பிளவுஸ் அண்டிரவே தைச்சு முடிஞ்சுது. கலியாணமும் முடிஞ்சுது. அம்மா பஸ்ஸில கொண்டுவந்த சாரியைக் கட்டிக்கொண்டு நான் ஒரு மூலையில அடங்கி இருந்தன். கதை அதோட சரி எண்டு நினைச்சன்.

இந்த வருஷம் வினோவின்ர பொம்பிளையின்ர தங்கச்சிக்குக் கலியாணம், வெள்ளவத்தையில ஒரு ஹோலில. மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் மட்டக்களப்பு. கூறைத் தட்டோட வந்த பெடியன் கிறீம் கலரில புத்தம்புது பட்டு ஷேர்ட் போட்டிருந்தான், நல்ல வடிவா. வாசலில பெரியம்மா செம்போட நிண்டா.

"அசையாம நில்லு தம்பி."

பெடியன் செம்புக்குள்ள எட்டிப் பாத்தான். பக்கத்தில நிண்ட என்னைப் பாத்தான். "அக்கா, இது என்ன சம்பிரதாயம்? நாங்கள் கேள்விப்படவே இல்லையே?"

"கொழும்பு ஆக்களின்ர. கனகாலமா இருக்கிறது" எண்டா பெரியம்மா. "நம்பாட்டி இவவைக் கேளும்."

எல்லாரும் என்னைப் பாத்தினம். ஹோலின்ர அந்தப் பக்கத்தில மாமியும் பாத்துக்கொண்டு நிண்டா. தலையை லேசா, ஒரே ஒருக்கா, ஆட்டினா.

"ஓம் தம்பி" எண்டன். "தலையைக் குனியும்."