ராஜா மடியில் ஒரு ஸ்டெனோ நோட்டு

கல்கத்தா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தான் எழுதிய நாடகத்தைத் தன்னைத் தவிர யாருமே படிக்க முடியாதபடி எழுதியவர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் ஸ்டெனோ மாமா.

கார்டன் ரீச்சில் ஒரு பெரிய ஆபீசருக்குச் சுருக்கெழுத்தர். முப்பது வருஷம் கோடும் சுழியுமாக எழுதியதில் சாதாரண எழுத்தே அவருக்கு மறந்துவிட்டது. மளிகைச் சீட்டும் சுருக்கெழுத்தில்தான். லேக் கார்டன்ஸில் என் கடைக்குச் சீட்டு வந்தால், பின்னாலேயே அவரும் வந்து உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போவார்.

தொண்ணூறுகளின் நடுவில், எல்லார் வீட்டு அலமாரியிலும் பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய சரித்திர நாவல் ஒன்றை, எங்கள் பிள்ளைகளை வைத்து நாடகமாகப் போடக் கிளம்பினார். மாமி நாவலைப் படிக்க, மாமா டிக்டேஷன் எடுத்தார்.

"அஞ்சு பாகம், மூணே நோட்டு! இதுதான்யா சுருக்கம்!"

ஒத்திகையில் படித்தபோதுதான் தெரிந்தது, ஒரு வரியைக்கூட அவர் விடவில்லை. காலையில் ஆரம்பித்த முதல் காட்சி, சாயங்காலம் காப்பி வரைக்கும் நீண்டது. அப்புறம் மாமி கொட்டாவி விட்ட இடங்களையெல்லாம் அடித்து, இரண்டு மணி நேரமாக்கி ஒரே நோட்டில் அடக்கினார்.

பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் சுருக்கெழுத்து பற்றி யாரும் குறைப்படவில்லை. அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். வாள் சண்டைச் சத்தத்தில் எதிர்வீட்டு வங்காளி ஓடிவந்து, "கீ ஹொலோ, தாதா?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறினார். "கிச்சு நா, ஜுத்தோ!" என்றார் மாமா. ஒன்றுமில்லையாம், யுத்தம்தானாம்.

என் மகள் மீனா இளவரசி. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. எட்டாவதில் பாட்டு ஒப்பிக்க எழுந்து, ஒரு சொல்லும் வராமல் வகுப்பே சிரிக்க நின்றவன் நான். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்புறமும் போகவில்லை. மீனா அப்படி நின்றுவிடக் கூடாதே! ஞாயிறுதோறும் கடையைச் சாத்திவிட்டு, ஒத்திகை நடக்கும் மாமா வீட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கவலைப்பட்டேன்.

ராஜா வேஷம் மாமாவுக்கு. பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிங்காசனத்திலிருந்தே வசனம் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. நாடகத்தன்று திரை தூக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கிரீடத்தோடு வந்து நோட்டை என் கையில் திணித்தார்.

"நீதான் இன்னிக்கு பிராம்ப்டர். பக்கவாட்டுல மறைஞ்சு நில்லு."

"ஐயோ மாமா, எனக்கு இது படிக்கத் தெரியாதே!"

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கியோல்லியோ?"

"எட்டாவதுல இதெல்லாம் இல்ல மாமா!"

மணி அடித்துவிட்டது.

மூன்றாவது காட்சி. மந்திரி ஓலையை நீட்டினான். மீனா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள். நோட்டைப் பார்த்தேன், மையில் விழுந்து எழுந்த எறும்புகள் ஊர்வலம் போயிருந்தன. மாமாவோ சிங்காசனத்தில் நிம்மதியாக மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது உங்கள் கையெழுத்து அல்ல, தந்தையே!"

சொன்னது நான்தான்! மீனா 'கப்'பென்று பிடித்துக்கொண்டாள். அப்புறம் தளபதி தடுமாறினான், கொடுத்தேன். தோழிக்குக் கொடுத்தேன். கடைசியில் ராஜாவுக்கே ஒரு வரி கொடுத்தேன். திரை விழுந்ததும் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வியர்வை தேறியிருக்கும். அன்றைக்கு மூச்சு விட்டதுபோல நான் என்றைக்கும் விட்டதில்லை.

"இந்தாங்க மாமா. ஒரு எழுத்துகூடப் புரியல."

"எப்படிப் புரியும்? அது ஆபீஸ் நோட்டு. மாத்தி எடுத்துண்டு வந்துட்டேன்னு பஸ்லயே தெரிஞ்சுடுத்து."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ ஹவுராவுக்கு ஓடி ரயில் ஏறியிருப்பே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மூலையில உக்காந்துண்டு எல்லார் வசனத்துக்கும் வாயசைச்சியே, நான் பார்க்கலேன்னு நெனைச்சியா?"

மாமா ஓய்வு பெற்று ஊருக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. அவருடைய மளிகைச் சீட்டு ஒன்று இன்னும் என் கடையில் இருக்கிறது. ஒரு கோடுகூட எனக்குப் படிக்க வராது. ஆனால் எடுத்து வைத்துக்கொண்டால், துவரம்பருப்பிலிருந்து கட்டிப் பெருங்காயம் வரை அவர் குரலிலேயே ஒப்பித்துவிடுவேன், ஒரு இடத்திலும் நிற்காமல்.