ஒரு சைஸ் பெரிய வளையல்

"ஏங்க, வளையல் கையைக் கடிக்குது."

அகல்யா வலது கையை நீட்டினாள். பத்து நாள் முன்பு வளைகாப்பில் கலகலவென்று ஏறிய இருபத்தொரு கண்ணாடி வளையலும் சத்தமே இல்லாமல் சதையில் புதைந்திருந்தன.

"சதை போட்டிருக்கே. நல்லதுதானே!" என்றான் வேணு.

டில்லி கிட்வாய் நகரிலேயே அவனைப்போல் மனைவியின் பிரசவத்துக்குத் தயாரான ஆம்பளை கிடையாது. பை கட்டியாச்சு. ஆட்டோக்காரர் நம்பர் சுவரில். ரத்தம் கொடுக்க ஆபீஸில் இரண்டு பேர். போன தடவை ஏழாம் மாதத்தில் குழந்தை போனபோது எதுவுமே தயாராக இல்லை. அந்தத் துக்கம் இருவருக்கும் இன்னும் ஆறவில்லை. இப்போது எட்டாவது மாதம்.

ஊரிலிருந்து அவன் அம்மா ராஜலக்ஷ்மி ஃபோனில் கத்தினாள். "ஒண்ணுகூட உடையக் கூடாதுடா! பட்டதெல்லாம் போதும்."

நல்லெண்ணெய் தடவினான். வளையல் கழல்வதாவது! வழுக்கிக்கொண்டு மேலே ஏறி இன்னும் இறுகியது. சோப்பு போட்டான். தரையெல்லாம் நுரையாகி அவனே தொப்பென்று விழுந்தான். அகல்யா சிரித்தாள், பாவம். சிரிக்கும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை பிளக்குதுங்க."

"டில்லி வெயில் அப்படி." ஐஸ் தண்ணீரில் கையை அமுக்கினான். விரல் விறைத்ததுதான் மிச்சம்.

"கண்ணுல பூச்சி பறக்குது."

"காலைலேர்ந்து வளையலையே உத்துப் பாத்தா பறக்காதா?"

உடைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"வேணாங்க. இதாவது தங்கணும்," என்று அழுதாள். அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.

கரோல் பாக் கடைத்தெருவில் வளையல் வாங்கின கடைக்கே அழைத்துப் போனான்.

"பெரியவரே, உடைக்காம கழட்டிட்டு ஒரு சைஸ் பெரிசாப் போட்டுவிடுங்க."

கடைக்காரக் கிழவர் வளையலைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார், வீங்கிய காலைப் பார்த்தார். திறந்த கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் ஓடி ஒரு ஆட்டோவை மறித்தார்.

"ஆஸ்பத்திரி! ஜல்தி, சீக்கிரம்!"

"என்ன பெரியவரே இது? பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கு! நான் கேட்டது வளையல்!" வேணுவுக்குக் கோபமே வந்துவிட்டது.

கிழவர் அகல்யாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"என் பொண்ணுக்கும் இப்படித்தான் வீங்குச்சு தம்பி, நானும் பெரிய சைஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பினேன், அந்த வளையலோடயேதான் அவளை எரிச்சோம்."