மைனர் தலை சீவிய நேரம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வெளியே எப்படி அமைதியாக இருக்கிறோமோ அப்படியே உள்ளேயும் இருப்போம் என்று நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. டவுன் பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டே தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் வந்தால், நான் வாயைத் திறக்காமல்தான் வருவேன். ஆனால் உள்ளுக்குள் அவருடைய தாத்தா வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவேன். (இறங்கும்போது அவரிடமே "வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவேன். அது வேறு விஷயம்.)

வெளியே வராத அந்தப் பேச்செல்லாம் எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும்? என்னுடையது ஒரே ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆளுக்கு உயிர் கிடையாது. டிவிக்குள் இருந்த ஒரு குத்துச்சண்டைக்காரன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், துபாயில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கடையைப் பிடித்து, துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியையும் பெரிய டிவி ஒன்றையும் வைத்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு கட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்தினால், டிவிக்குள் நம் ஆள் குத்துவான். குளித்துவிட்டு வருகிறவர்கள் சும்மா இரண்டு குத்து குத்திவிட்டுப் போகலாம். கடையைப் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்.

"இங்கன ஒனக்குப் பேச்சே தேவையில்ல பாத்துக்க. வாரவன் கையில கட்டையக் குடு. அவனே குத்திக்கிட்டுப் போயிருவான்" என்றார். என் சுபாவத்துக்கென்றே செய்த வேலை.

அந்தக் கடை அதற்கு முன்னால் சலூன். காலி செய்தவர் சுவரில் பதித்த கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பக்கத்தில்தான் டிவியை மாட்டினோம். அதனால் அருவியில் குளித்தவர்கள் பாதிப் பேர் உள்ளே வந்து, தலையைச் சீவி, தண்ணீரை டிவி மேல் தெளித்துவிட்டு, விளையாடாமல் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலருக்கு நானே சீப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது டிவிக்குள் இருந்தவனுக்கு வருகிறேன். அந்த விளையாட்டு மூன்று பாகமாக வந்திருந்தது. மூன்றிலும் ஓர் ஆள் தவறாமல் வருவான். திரையில் அவன் பெயரை இங்கிலீஷில் போடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதைப் படிக்கத் தெரியாது. நானாக 'மைனர்' என்று பெயர் வைத்தேன். அவன் நடவடிக்கை அப்படி. மணி அடித்ததும் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவார்கள். இவன் டிரவுசருக்குள்ளிருந்து ஒரு சீப்பை எடுப்பான். இந்தப் பக்கம் ஒரு சீவு, அந்தப் பக்கம் ஒரு சீவு, கூட்டத்தைப் பார்த்து ஒரு கண்ணடிப்பு. பிறகுதான் சண்டை. அடி வாங்கிக் கீழே விழுந்தாலும், எழுவதற்கு முன்னால் முதலில் முடியைத்தான் தொட்டுப் பார்ப்பான்.

முதல் பாகத்தில் அவன்தான் சாம்பியன். எல்லாரையும் ஜெயித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவனிடம் போக முடியும். இரண்டாம் பாகத்தில் நடுவிலேயே வந்துவிடுவான். மூன்றாம் பாகத்தில், பாவம், முதல் ஆளாக நிறுத்தியிருந்தார்கள், புதிதாக வருகிறவர்கள் அடித்துப் பழகுவதற்கு. நெற்றியில் சுருக்கம் விழுந்திருந்தது. முடி மட்டும் அளவுக்கு மீறிக் கறுப்பாக இருந்தது. சீப்பும் கண்ணடிப்பும் அப்படியே.

அவனை ஜெயிக்க ஒரே வழி இருந்தது. சீப்பை எடுக்கும்போது கை கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்துக் குத்த வேண்டும். நான் அப்படித்தான் குத்துவேன். சாப்பாட்டு நேரத்தில் கடை காலியாக இருக்கும். அப்போது மைனரும் நானும்தான். உலகத்திலேயே நான் 'ஏலே' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். (தெருநாயைக்கூட நான் 'போங்க' என்றுதான் சொல்லுவேன்.)

இந்தச் சமயத்தில் கடையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் செண்பகம். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டோவை அக்கா என் போனுக்கு அனுப்பியிருந்தாள். போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கவில்லை. எடுத்தவர் சிரிக்கச் சொன்னதில் அவளுக்கு ஒரு கோபம் இருந்ததுபோலத் தெரிந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நாளைக்குப் பல தடவை எடுத்துப் பார்த்தேன்.

அதற்கு முன்பு போன வீடுகளில் எல்லாம் நான் வாயைத் திறந்தது மிக்சர் தின்பதற்கு மட்டும்தான். பையன் ஊமை என்று ஒரு பேச்சு கடையநல்லூர் வரைக்கும் பரவியிருந்தது. அக்கா என்னை உட்கார வைத்துச் சொன்னாள்:

"ஏலே, இதுவும் போச்சுன்னா இனி ஒருத்தி வீட்டு வாசல்ல போயி நிக்க எனக்கு மொகம் கெடையாது. அந்தப் பிள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கா, ஆளு பேசுவாரான்னு. அவ அப்பா சொல்லாம கொள்ளாம கடைக்கு வந்து பாத்தாலும் பாப்பாரு. யாராச்சும் பெரிய மனுசன் வந்தா வாயத் தொறந்து நாலு வார்த்த பேசு. கேட்டியா?"

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. முறைப்படி வருவதற்கு முன்னால், பெண் வீட்டில் ஒருவர் பையன் வேலை செய்கிற இடத்துக்கு யாரோபோல வந்து பார்த்துவிட்டுப் போவார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா சொன்னதை அன்றைக்குப் போல நான் என்றும் நிறைவேற்றியதில்லை.

மதியம். சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யானை வந்தாலும் கேட்காது. நான் டிவியைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மூன்றாம் பாகம். மைனர் என்னை இரண்டு தடவை கீழே தள்ளிவிட்டு, சீப்பை எடுத்தான்.

"ஏலே!" என்று கத்தினேன். "என்ன வயசுலே ஆகுது ஒனக்கு? இன்னும் என்ன சீப்பு வேண்டிக்கெடக்கு? டை அடிச்சுட்டா கெழவன் கொமரனாயிருவானோ? கண்ணாடியப் பாத்தியாலே, காக்காகூட ஒன்னயக் கண்டா சிரிக்கும். வாலே கிட்ட! ஒரே குத்துல பல்லு பூரா அருவியோட போயிரும்!"

இந்த நேரத்தில் கரண்ட் போனது. டிவி இருண்டது. பக்கத்தில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

திரும்பினேன். கண்ணாடி முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஈரத் துண்டு. சீப்பு பாதித் தலையில் அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் டை அடித்திருப்பார் போல, அருவித் தண்ணீர் பட்டு துண்டின் ஓரத்தில் கறுப்பு வழிந்திருந்தது. மீசை மட்டும் இரண்டு பக்கமும் ஊசி மாதிரி நின்றது.

"யாரப் பாத்துலே கெழவன்னு சொல்லுத?" என்றார்.

சற்று முன்பு அவ்வளவு பேசிய வாய், எப்போதும்போல மூடிக்கொண்டது. கையில் இருந்த கட்டையால் டிவியைக் காட்டினேன். அவர் குனிந்து டிவியைப் பார்த்தார். இருண்ட திரையில் மீசையும் சீப்புமாக அவருடைய முகமே தெரிந்தது.

"எவம்லே இருக்கான் அங்கன? நான்லா இருக்கேன்!"

உண்மைதான்.

"ஒங்க அக்கா எங்கிட்ட என்ன சொன்னா? 'எந் தம்பி அதிந்து ஒரு வார்த்த பேச மாட்டான், தங்கம்'னா. கடையத்துலேருந்து மெனக்கெட்டு வந்து பாத்தேன்லா, தங்கத்த!"

ஆள் யாரென்று தெரிந்ததும் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கையிலும் கட்டையோடு கும்பிட்டேன். மறுபடியும் குத்த வருகிறேன் என்று நினைத்து அவர் ஓரடி பின்னால் போனார். போட்டோவில் சிரிக்காத அந்த முகம் ஒரு தடவை கண் முன்னால் வந்து போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனபோது கரண்ட் வந்தது. பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தது. மணி அடித்தது. மைனர் வந்து நின்று, சீப்பை எடுத்தான்.

"இவன்... இவன்தான் ஏட்டையா" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

ஏட்டையா நின்றார். மைனர் சீவினான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கண்ணடிப்பு. அவர் டிவிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார்.

"இவனுக்கா டை?"

"ஆமா ஏட்டையா."

"சரியா அடிக்கலயே. காதோரத்துல விட்டுட்டான் பாரு" என்றார். தொழில் தெரிந்தவர் பேசுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, பேசினேன். மைனர் முதல் பாகத்தில் எப்படி இருந்தான், அவனிடம் போய்ச் சேரவே எத்தனை பேரை ஜெயிக்க வேண்டும், இரண்டாம் பாகத்தில் எப்படி நடுவில் வைத்தார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பம் இவன்தான் மொத ஆளு, ஏட்டையா. புதுசா வாரவன் அடிச்சுப் பழகுததுக்கு வச்சிருக்காங்க. ஆனா பாருங்க, சீப்ப மட்டும் விட மாட்டாம்."

ஏட்டையா துண்டால் கழுத்தைத் துடைத்தார். கறுப்பு இன்னும் கொஞ்சம் வந்தது.

"ரிட்டையர் ஆன மறுநாளு பஜாருக்குப் போறேன்" என்றார். "ஒருத்தனும் சல்யூட் அடிக்கல. கடைக்காரன் பெஞ்சுலேருந்து எந்திக்கக்கூட இல்ல. சரி, தலையாச்சும் ஒழுங்கா இருக்கட்டும்னு அன்னைக்கு வாங்குனதுதாம்லே இந்தச் சீப்பு."

அவரே பேச்சை மாற்றினார். "குத்து, பாப்போம்."

கையைத் தூக்கினேன். மைனர் சீப்பை எடுத்தான், கை இறங்கியது. நான் குத்தப் போனேன்.

"நில்லுலே!" என்று ஒரு அதட்டல். பழைய ஏட்டுக் குரல். "தலை சீவுதாம்லா? சீவி முடிக்கட்டும்."

நின்றேன். மைனர் நிதானமாகச் சீவி முடித்து, கண்ணடித்து, ஒரே குத்தில் என்னைக் கீழே சாய்த்தான். ஏட்டையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னொருக்க."

இன்னொரு தடவை நின்றேன், இன்னொரு தடவை விழுந்தேன். சாரல் விடும் வரைக்கும் இதே கதைதான். மைனர் சீவ, நான் நிற்க, அவன் அடிக்க, அவர் சிரிக்க. தோற்கத் தோற்க அவருக்கு என் மேல் பிரியம் கூடுகிறதா, மைனர் மேல் கூடுகிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில் கண்ணாடி முன்னால் போய், பாதியில் விட்ட தலையைச் சீவி முடித்தார். நான் நின்றேன். திரும்பி, "பின்னால சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"எடது பக்கம் கொஞ்சம்..." என்றேன்.

சரி செய்துகொண்டு, சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா போன் செய்யும்போது நான் கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். எடுத்த உடனே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"என்னலே பண்ணுன அந்த மனுசர?"

"ஒண்ணும் பண்ணலக்கா. கெழவன்னு சொல்லிட்டேன்."

"அதயும் சொன்னாரு. 'மொதல்ல வாயத் தொறந்தான், தூக்கி உள்ள வச்சிரலாமான்னு இருந்துச்சு. ஆனா சீவி முடிக்குத வரைக்கும் நிக்கான்மா. எம் மவ கெளம்பி வெளிய வர ஒரு மணி நேரம் ஆவும். இவன்னா தாங்குவான்'னாரு."

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. செண்பகத்துக்கு இந்தக் கதையை அவள் அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் அப்போது சிரித்தாளாம், எனக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்ததை நிறையவே பார்த்துவிட்டேன். மாமனார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

போன வாரம் தென்காசியில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. நான் வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு நிற்கிறேன். ஆட்டோவும் வந்து நிற்கிறது. உள்ளே செண்பகம் ஒரு கண்ணாடி முன்னால், அவள் அப்பா ஒரு கண்ணாடி முன்னால். தாங்க முடியாமல் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினேன்.

உள்ளிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "அங்கன என்ன சத்தம்? அடிக்காம நிக்கியளா?"

பைக்கை அணைத்தேன்.

"நிக்கேன்" என்றேன்.