கூப்பிட்டால் குரல் கொடுக்கும் பனியன்

"இனிமேல் இந்த வீட்டில் 'எங்கே' என்ற சொல் என் வாயிலிருந்து வராது!"

குளியலறை வாசலில், இடுப்பில் துண்டும் தலையில் சொட்டும் தண்ணீருமாக நின்றுகொண்டு அவர் இந்தச் சபதத்தைச் செய்தார். கேட்க ஆள் இல்லை. மனைவி அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் செய்ய முடிந்தது.

அவருக்கு ஒரு பெரிய துணிக்கடையில் சரக்கறைப் பொறுப்பு. வந்தது எத்தனை, விற்றது எத்தனை, மிச்சம் எத்தனை என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணுகிற அண்ணன் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் 'எண்ணண்ணன்'. மலை மலையாகக் குவிந்த துணியைக் கட்டி மேய்க்கிற இந்த மனிதருக்கு, சொந்த வீட்டில் சொந்த பனியனைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அலமாரியைத் திறப்பார். மூடுவார். வாயைத் திறப்பார்.

"என் சாம்பல் கலர் சட்டை எங்கே?"

"ரெண்டாவது தட்டு, வலது ஓரம், போர்வைக்குப் பின்னாடி."

"பெல்ட் எங்கே?"

"நேத்துப் போட்ட பேண்ட்ல. பேண்ட் கதவுக்குப் பின்னாடி. கதவு இருந்த இடத்துலயேதான் இருக்கு."

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் நாள் முழுக்க வரிசையில் நின்று அவளிடம் 'எங்கே' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு பயணி. பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள். 'எங்கே' என்று ஒரு தடவை கேட்டால், வீட்டு வேலை ஒன்று. அன்று காலையில் சீப்பைக் கேட்ட வகையில் மின்விசிறி துடைப்பதும், சாவியைக் கேட்ட வகையில் ஜன்னல் கம்பி துடைப்பதும் அவர் தலையில் விழுந்தன. சாவி அவர் கையிலேயே இருந்தது என்பது வேறு கதை.

சபதம் செய்துவிட்டாரே தவிர, நிறைவேற்ற வழி தெரியவில்லை. வழி அன்றைக்கே கடைக்குள் வந்து காத்துக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா சரக்கறை மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய காகிதத் துண்டு. அதற்குள்ளே தலைமுடி மாதிரி ஓர் உலோகக் கோடு சுருண்டு கிடந்தது. இன்னொன்று, கைப்பிடி வைத்த ஒரு ரீடர். பார்த்தால் துப்பாக்கி மாதிரி இருந்தது.

"இதுதான் டேக். சில மாசமாவே தொழிற்சாலையில ஒவ்வொரு துணியோட லேபிளுக்குள்ளயும் ஒண்ணு வெச்சுத்தான் அனுப்பறாங்க, ரீடர்தான் இன்னிக்கு வந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர். ஒரே மாதிரி நூறு சட்டை இருந்தாலும் எந்தச் சட்டை எதுன்னு தெரிஞ்சிடும்."

"பேட்டரி எங்கேம்மா?" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லவேளை, கடையில் அந்தச் சட்டம் இல்லை.

"பேட்டரியே கிடையாது. ரீடர்லேருந்து ரேடியோ அலை போகும். அது பட்டதும் டேக் முழிச்சுக்கும், தன் நம்பரைச் சொல்லும், திரும்பத் தூங்கிடும்."

எண்ணண்ணன் அந்தக் காகிதத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உயிர் இல்லை, பேட்டரி இல்லை, வாய் இல்லை. ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்லும்! அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்போது ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. ஒட்டுப்பட்டைகூடப் பிரிக்கவில்லை. முதலாளியம்மா ரீடரை அதன் பக்கம் நீட்டினார். குருவிக் கூட்டம் ஒன்று சேர்ந்து கத்தின மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். திரையில் எல்லாம் வந்துவிட்டது. எத்தனை சட்டை, என்ன நிறம், என்ன அளவு, எதெது வரவேண்டியது வரவில்லை, எல்லாம். பெட்டி வாயைத் திறக்கவே இல்லை.

சரக்கு எண்ணுவதற்காகக் கடையைச் சாத்திவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்து எண்ணி, ஆளுக்கொரு கூட்டுத்தொகை சொல்லி, சண்டை போட்டு, முதலிலிருந்து எண்ணிய நாட்கள் அவர் கண்முன் வந்தன. இப்போது அவர் ரீடரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். சும்மா நடந்தார். அவர் பாட்டுக்கு நடக்க, துணிகள் பாட்டுக்குத் தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டன. கடை திறந்தே இருந்தது. வாடிக்கையாளர்கள் விலகி வழிவிட்டார்கள். ராஜா படையைப் பார்வையிடுகிற மாதிரி இருந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் மதியம் நடந்தது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். அவள் அளவுக்கு ஒரு கறுப்புக் கோட்டு வேண்டும். தொங்கவிட்ட இடத்தில் இல்லை. நேற்றாக இருந்தால் 'ஸ்டாக் இல்லைங்க' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். எண்ணண்ணன் ரீடரில் அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார். 'பீப்' என்றது. ஒரு பக்கம் திரும்பினார், சத்தம் மெலிந்தது. இன்னொரு பக்கம் திரும்பினார், வலுத்தது. சத்தத்தின் பின்னாலேயே போனார். குழந்தைகளின் மழைக்கோட்டுகளுக்கு நடுவில், யாரோ போட்டுப் பார்த்துவிட்டுச் செருகிய அந்தக் கறுப்புக் கோட்டு, 'நான் இங்கே இருக்கேன்' என்று கதறிக்கொண்டிருந்தது.

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிமிர்ந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து எண்ணண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே என்று கேட்டால் இங்கே என்கிறதே! மனைவியும் இதைத்தான் செய்கிறாள். ஆனால் இது மின்விசிறி துடைக்கச் சொல்வதில்லை.

"அம்மா, இந்த ரீடர் ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகிட்டு வரட்டுமா?"

"தாராளமா. துவைச்சாலும் போகாத டேக் கொஞ்சம் மாதிரிக்கு வந்திருக்கு, அதையும் எடுத்துக்குங்க."

மனைவி பணியில் இருந்த நேரம் பார்த்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து, தன் துணி ஒவ்வொன்றின் உட்தையலிலும் ஒரு டேக்கை ஒட்டினார். சட்டை, பேண்ட், பனியன், கைக்குட்டை, காலுறை எதையும் விடாமல் ரீடரின் பட்டியலிலும் ஏற்றினார்.

மறுநாள் காலை அலமாரி முன்னால் ரீடரை நீட்டியபடி நின்றவரைப் பார்த்து அவள் திகைத்துப் போனாள்.

"என்னங்க, அலமாரியைச் சுடப் போறீங்களா?"

"சுடல. கூப்பிடறேன்."

பீப், பீப், பீபீபீ! கையை விட்டார். சாம்பல் கலர் சட்டை வந்தது. கையை விட்டார். தினமும் ஜோடியை விட்டு எங்கோ புகுந்துகொள்ளும் ஒற்றைக் காலுறை வந்தது. அவர் அதை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். அவள் கைதட்டினாள். நிஜமாகவே கைதட்டினாள்.

வாரம் முழுக்க அவர் ஒரு 'எங்கே'கூடக் கேட்கவில்லை. மின்விசிறியில் தூசி ஏறியது. ஜன்னல் கம்பி மங்கியது. அவர் காலை நீட்டிக்கொண்டு, டேக்கின் மகிமையைப் பற்றிப் பேசினார். அவளும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"ஏங்க, இதுல ஒரே ஒரு துணியை மட்டும் தேடச் சொல்ல முடியுமா?"

"பேஷா! இதோ, லிஸ்ட்ல எதைத் தொடறியோ அதை மட்டும் தேடும். மத்ததைக் கண்டுக்கவே கண்டுக்காது."

"அடேயப்பா! இதால கண்டுபிடிக்க முடியாத இடமே இல்லையா?"

"இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சா அலை போகாது. மத்தபடி எதுவும் தப்பாது. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா!"

அவள் ரீடரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "அப்போ ஒரு போட்டி வெச்சுக்கலாமா? உங்க பனியன் ஒண்ணை நான் ஒளிச்சு வைக்கிறேன். இரும்புப் பெட்டியில வைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, அந்தச் சட்டத்தையே எடுத்துடறேன். ஜென்மத்துக்கும் இலவசமா 'எங்கே' கேட்டுக்கலாம். முடியலைன்னா, ஒரு 'எங்கே'க்கு ரெண்டு வேலை."

"மதியம் எதுக்கு? குளிச்சுட்டு வந்த உடனே முடிச்சுடுவேன்!"

ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது மாற்றுத்துணி கட்டில்மேல் மடிப்புக் கலையாமல் தயாராக இருந்தது. தோற்கப் போகிறவள் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். உடுத்திக்கொண்டார். அவள் ரீடரை நீட்டினாள். திரையில் 'பனியன், வெள்ளை' என்று ஒரே ஒரு வரி. எல்லா பனியனும் அவருக்கு வெள்ளைதான். விசையை அழுத்தினார்.

பீபீபீபீபீ!

"ஆகா, இந்த அறையிலதான்!"

அலமாரியைக் காலி செய்தார். இல்லை. கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். அங்கேயும் பீபீபீ.

"அந்த மூலையில தூசி மறைக்குது பாருங்க. தொடைச்சுட்டுப் பாருங்க," என்று அவள் ஈரத்துணியை நீட்டினாள். துடைத்துவிட்டுப் பார்த்தார். இல்லை.

சமையலறைக்குள் கால் வைத்தார். பீபீபீபீ! குளிர்பதனப் பெட்டியை நகர்த்தினார். பின்னால் அழுக்கு ஒரு கறுப்புக் காடாக முளைத்திருந்தது.

"அதுக்குள்ள சொருகியிருந்தாலும் சொருகியிருப்பேன். சுரண்டிப் பாருங்களேன்."

சுரண்டினார். இல்லை. ஏணி போட்டுப் பரணில் ஏறினார். அங்கே இன்னும் ஜோராகக் கத்தியது.

"மாட்டிக்கிச்சு! பரண்லதான்!" என்று கூவினார்.

"ஐயோ, கண்டுபிடிச்சுடுவீங்க போலிருக்கே! அந்தப் பழைய பேப்பர் கட்டையெல்லாம் மட்டும் கீழ இறக்கிடாதீங்க!"

உடனே எல்லாவற்றையும் இறக்கினார். உடைந்த குடை, கால் போன நாற்காலி, மூடி இல்லாத பெட்டி, பெட்டி இல்லாத மூடி, எல்லாம் இறங்கின. பரண் பளிச்சென்று காலியாக இருந்தது. பனியன் இல்லை. ரீடர் மட்டும் ஓயாமல் கத்தியது.

"இதுக்குத் துப்பாக்கின்னே பேரு வெச்சுடலாம்," என்றாள் அவள் கீழேயிருந்து. "துப்புதான் இன்னும் பாக்கி."

அதே ஈரத்துணியால் மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துத் தேடினார். ஜன்னல் கம்பிகளைத் துடைத்துத் தேடினார். எங்கே போனாலும் 'இங்கே' என்றது. வாசலில், மாடிப்படியில், குப்பைத் தொட்டியில். சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். போட்டியில் தோற்பதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூடிய பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துச் சொன்னதே, மழைக்கோட்டுக் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் கோட்டைப் பிடித்துக் கொடுத்ததே, அது பொய் சொல்லிவிட்டதே!

உடம்பெல்லாம் வியர்வை. சட்டையைக் கழற்றினார், பனியனைக் கழற்றினார், அழுக்குக் கூடையில் வீசிவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்து கடைசியாக ஒரு தடவை விசையை அழுத்தினார்.

பீப்... பீப்.

மெலிந்திருந்தது. அவர் அசையாமல் நின்றார். அலமாரிப் பக்கம் திரும்பினார். பீப். சமையலறைப் பக்கம். பீப். அழுக்குக் கூடைப் பக்கம்.

பீபீபீபீபீபீ!

தன் வியர்வையில் நனைந்த பனியனை இரண்டு கையாலும் எடுத்து அவர் பார்த்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்து, 'இங்கேதான் இருக்கேன், இங்கேதான் இருக்கேன்' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குக் கோபம் வரவில்லை. அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

"பொய் சொல்லலை! இது பொய்யே சொல்லலை!"

"நான்தான் கட்டில்மேல எடுத்து வெச்சேன்," என்றாள் அவள். "நீங்கதான் ஒளிச்சு வெச்சுக்கிட்டீங்க."

"இன்னும் சாப்பாடு ஆகலை. அப்போ நான் ஜெயிச்சுட்டேன்!"

"சத்தியமா ஜெயிச்சுட்டீங்க. சட்டத்தை எடுத்தாச்சு. இனிமே எத்தனை 'எங்கே' வேணும்னாலும் கேளுங்க."

வெற்றி வீரர் மெதுவாக வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பரண் பளபளத்தது. குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் சுவரின் நிஜமான நிறம் தெரிந்தது. மின்விசிறியில் முகம் பார்க்கலாம். ஜன்னல் கம்பிகள் மின்னின. அந்தச் சட்டத்தால் ஒரு வருஷத்துக்கு வாங்கியிருக்கக்கூடிய வேலை அத்தனையும் அரை நாளில் முடிந்திருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"ஏங்க, எங்கம்மாதான் பேசினாங்க. அவங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பனியன் காணாமப் போயிருக்காம். அடுத்த ஞாயித்துக்கிழமை துப்பாக்கியோட வரச் சொன்னாங்க."