பக்கத்து சீட்டு பிரேக்

கர்த்தருக்குள் மிகுந்த அன்புக்குரிய அக்கா அவர்களுக்கும் அத்தான் அவர்களுக்கும்,

தம்பி எழுதிக்கொள்வது. அவருடைய கிருபையினால் நானும் என் வீட்டுக்காரியும் சுகம். தங்கள் இருவரின் சுகத்துக்காகவும், குறிப்பாக அத்தானின் இடது முழங்காலுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்பீர்கள். போனில் பேசினால் பக்கத்தில் இருந்துகொண்டு இவள் திருத்துகிறாள். விஷயம் இதுதான்: மகளைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன். கொடுத்தேனா இல்லையா என்பதில்தான் குழப்பம்.

அவளுக்கு உங்கள் ஊர் கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும், ஞாயிறு ஆராதனையில் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கலாம் என்றார் போதகர். எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. வெளியூர் போகிற பிள்ளையின் தலையில் பெற்றவர்கள் கை வைக்க வேண்டும், போதகர் ஜெபிப்பார், ஆமென் சொன்னதும் கையை எடுத்துவிட வேண்டும், அந்த எடுப்பதுதான் ஒப்புக்கொடுப்பது. நானும் வைத்தேன். ஆமென் என்றார். சபை முழுவதும் ஆமென் என்றது. இவள் டக்கென்று கையை எடுத்துவிட்டாள். என் கை வரவில்லை. போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, ஜெபம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். மறுபடி ஆமென். பாட்டுக்குழு வேறு அவசரப்பட்டு முடிவுப் பாட்டை எடுத்துவிட்டது. கடைசியில் மகளே என் மணிக்கட்டைப் பிடித்து, அடுப்பில் இருந்து பால் பாத்திரத்தை இறக்குவதுபோல் மெதுவாக இறக்கி, "முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள். அப்போ ஒப்புக்கொடுத்தது நானா, அவளா? இது செல்லுமா, செல்லாதா? முதல் சந்தேகம் இது.

மறுநாள் எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கிளம்பினோம். அவள்தான் ஓட்டுவேன் என்றாள். அந்தக் காரைப் பற்றி உனக்குத் தெரியாததா அக்கா, சொல்லிக்கொடுக்கிறவன் சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும், இருபத்தாறு வருஷமா என் கால் அதுமேலதான் இருக்கு. "அப்பா, அதைத் தொடக்கூடாது" என்றாள். சரி என்றேன். என் கணக்கில் பதினோரு தடவை மிதித்தேன், அவள் கணக்கில் முப்பது. ஒரு தடவை ரோட்டோரம் நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்த நாய்க்காக மிதிச்சேன், அது எழுந்திரிச்சுச்சா? பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து, கார் மேல் இருந்த எங்கள் போர்டைப் பார்த்துவிட்டு, "கத்துக்குடுக்கிற வாத்தியாரு நல்லாக் கத்துக்கிட்டு வரட்டும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் காரை ஓரம் கட்டினாள்.

"நேத்து என்னை யார் கையில குடுத்தீங்க?"

"கர்த்தர் கையில."

"அவருக்குப் பிரேக் போடத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?"

என்னைப் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டாள். அங்கே பிரேக் இல்லை, ஆனால் கால் கேட்கணுமே! தரையை மிதித்து மிதித்து, போய்ச் சேருவதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது.

அத்தை வீடு இருக்கும்போது எதுக்கு வாடகை ரூம் என்று உனக்கு வருத்தம் இருக்கும். "அத்தை வீடும் நம்ம வீடுதானேப்பா" என்றாள். அது பாராட்டா புகாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரூமில் தாழ்ப்பாளைப் பத்து முறை போட்டுப் பார்த்தேன். பிறகு கதவு, ஜன்னல், கீசர், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஜெபித்தேன். கூடத் தங்குகிற பொண்ணு பாத்ரூமுக்குள்ள ஈரத்தலையோட நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? "அங்கிள், சீக்கிரம் ஆமென் சொல்லுங்க, குளிருது" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. வாசல் வரைக்கும் வந்த மகள், "மூணு மாசத்துக்கு வராதீங்கப்பா. நானா கூப்பிட்டா வாங்க" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டு வந்துட்டேன். திரும்பி வர்றப்ப முழு வழியும் பக்கத்து சீட்டு காலி.

எத்தனை ஆயிரம் பேர் பெத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்! லைசென்ஸ் டெஸ்ட் அன்னைக்கு நான் இறங்கிக்கணும், இன்ஸ்பெக்டர் ஏறிக்குவார், அவங்க ஓட்டிக்கிட்டுப் போவாங்க, நான் டீ குடிக்கப் போயிடுவேன். ஒரு நாளும் மனசு கலங்கினதில்லை. இப்ப மட்டும் என்ன? போதகர்கிட்ட கேட்டேன். அந்தக் காலத்தில் ஒரு தாய் தன் மகனை ஆலயத்துக்கே கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்ப் பார்த்தாளாம், அவள்போல் இரு என்றார். நல்லதுதான். ஆனா கூட இல்லாத பிள்ளை எவ்வளவு வளந்திருக்கும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சது? அளவு தெரியாம எப்படித் தைச்சா? போதகர் வாட்சைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிடுறேன்க்கா. அவளுக்கு ஏதாவது ஆயிடுமோங்கிற பயம் இல்லை. நான் இல்லாமலே எல்லாம் நல்லாப் போயிடுமோன்னுதான் பயமா இருக்கு. இப்படிப் பயப்படுறவன் விசுவாசியா?

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீயும் அவள் ரூம் பக்கம் போய் எட்டிப் பார்க்காதே, பார்த்தாலும் என்னிடம் சொல்லாதே, நான் கேட்டாலும் சொல்லாதே. கொடுத்தது கொடுத்ததுதான்.

கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும், அத்தானின் மாடிப்படி ஏற்றத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
மகளை முழுமனதோடு ஒப்புக்கொடுத்துவிட்ட,
தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். நேற்று, அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அந்த ரூம் பெண்ணை அங்குள்ள காரை ஓட்டச் சொல்லிவிட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். "இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதிச்சிக்கிட்டே போனேன்ப்பா" என்றாள். அப்புறம், "ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?" என்றாள். மூணு மாசம் சொன்னியே என்றேன். "நானாத்தானே கூப்பிடுறேன்" என்றாள். எனவே மேலே எழுதியிருப்பது எதையும் படிக்க வேண்டாம், இந்தக் கடிதத்தை நானே நேரில் கொண்டுவருகிறேன். பஸ்ஸில் கடைசி சீட்டாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து மிதித்தால் டிரைவருக்குத் தெரியாது.