முப்பத்திரண்டுக்கு அடுத்து நாற்பத்தொன்பது

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். எங்கள் தெருச் சாக்கடை மட்டும் மூன்று நாள் நீலமாக ஓடியது; இப்போது அதுவும் நலம். அதற்குக் காரணமான தங்களைப் பாராட்டவே இந்தக் கடிதம்.

நான் ஒரு பள்ளியில் நூலக உதவியாளர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் மருந்துச் சீட்டிலிருந்து மிக்ஸி உத்தரவாத அட்டை வரை, "நம்ம பொண்ணு பாத்துச் சொல்லும்" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். அதே நம்பிக்கையில் பள்ளியிலும் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். போன வருடம் பின்னட்டையை நம்பினேன். 'சிந்தனையைத் தூண்டும்' என்று எதில் போட்டிருந்தாலும் எடுத்தேன். வருடக் கடைசியில் அத்தனையும் சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தன. தலைமையாசிரியை ஒன்றை முகர்ந்து பார்த்து, "இன்னும் மை வாசனையே போகலையேம்மா" என்றார். இந்த வருடமும் இப்படி ஆனால் நூலக அறையை விளையாட்டுச் சாமான் வைக்கக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். விளையாட்டு ஆசிரியர் அன்று மாலையே டேப்போடு வந்து என் மேசையை, நான் உட்கார்ந்திருக்கும்போதே, அளந்துவிட்டுப் போனார்.

கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவுக்குத் தவிர வேறெதற்கும் கை தூக்காதவள் நான். அதனால் யாரிடமும் யோசனை கேட்காமல், வந்திருந்த மாதிரிப் பிரதிகளைப் பையில் போட்டு, அப்பா ஓட்டும் பள்ளி வேனில் ஒரு நாளைக்கு ஒன்றாக வைத்தேன். அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பதினொரு பிள்ளைகளையும் அவர் படிப்பதுபோல் எனக்குப் படிக்க வராது. "கிரகம் வேணாம்மா, அதை டிபன் பாக்ஸுக்கு அடியில குடுத்துட்டாங்க. டைனோசர் விசிறியாப் போச்சு" என்று தினமும் முடிவைச் சொல்வார்.

எட்டாவது நாள், கை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற தங்கள் புத்தகம். 'சந்தேகம்' என்று அப்பா பட்டப்பெயர் வைத்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பெண் உரக்கப் படித்தாள். வாஷ்பேசினில் இறங்கிய தண்ணீர் வீட்டுக் குழாய், தெருக் குழாய் எல்லாம் கடந்து, முப்பத்திரண்டாம் பக்கத்தில், 'இருட்டில் ஒரு பெரிய இரும்புக் கதவின் முன் வந்து நின்றது. கதவுக்குப் பின்னால்' என்று நின்றது. எதிரே நாற்பத்தொன்பதாம் பக்கம்: 'ஆகவே குழந்தைகளே, குழாயை இறுக மூடுங்கள்.'

அந்த இடத்தில் தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கேள்வி கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலை ஊட்டிவிடும் புத்தகங்களுக்கு நடுவே என்ன துணிச்சல்! பக்க எண்கூட அந்தத் தண்ணீரைப் போலவே பூமிக்கடியில் போய் நாற்பத்தொன்பதில் தலை நீட்டுகிறதே, இந்த நுட்பம் யாருக்கு வரும்?

அன்று சந்தேகம் தன் வீடு வந்தும் இறங்கவில்லை. "கதவுக்குப் பின்னாடி என்ன மாமா?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கெப்படிம்மா தெரியும், நான் ரோட்டுக்கு மேல ஓட்டுறவன்" என்றார் அப்பா. முதலை என்றது ஒரு குரல், இன்னொரு கை கழுவும் இடம் என்றது இன்னொன்று, மறுநாளிலிருந்து பாதாளச் சாக்கடை மூடி வந்தாலே வேனை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினால் இறங்கிக் காது வைத்துக் கேட்டார்கள், கேட்டது போதாமல் பதினொரு வீட்டிலும் ஒரே நேரத்தில் சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு வாஷ்பேசினில் கவிழ்த்தார்கள், தெரு நீலமானது, அம்மாக்கள் பிளம்பரைக் கூப்பிட்டார்கள், அவர் குழாயைக் கழற்றுவதற்குள் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அந்த மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது வருஷமா தண்ணிய வீட்டைவிட்டு அனுப்பிட்டே இருக்கேன். எங்க போறேன்னு அதை ஒருநாள்கூடக் கேட்டதில்லையே" என்று உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை அவரே கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் சொல்லிவைத்து வேனில் முன்னால் ஏறிக்கொண்டார்.

ஐயா அல்லது அம்மா, அங்கே நிஜமாகவே இரும்புக் கதவு இருந்தது! திறந்தார்கள். பெரிய கம்பிச் சல்லடை, அதில் சிக்கிய ஒரு சிவப்பு ரப்பர் பந்து. பதினொரு பேரும், "என்னோடது!" என்றார்கள். பிளம்பரும் கொஞ்சம் தயங்கி, சின்ன வயதில் தனக்கும் ஒன்று தொலைந்தது என்றார்.

தேர்வுக் கூட்டத்தில் நான் கை தூக்கினேன். பதில் சொல்லாமல் விடுவதே பதில் என்ற தங்கள் உத்தியைப் பற்றி எட்டு நிமிடம் பேசினேன். தலைமையாசிரியை அட்டை கிழிந்து நீலம் பாய்ந்த பிரதியை வாங்கி முகர்ந்தார். "சாக்கடை வாசனை வருதேம்மா" என்றார், மூக்கை எடுக்காமலே. பிறகு, "நாற்பது பிரதிக்கு ஆர்டர் எழுதுங்க" என்றார். விளையாட்டு ஆசிரியர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தங்கள் பேனா என்றும் இப்படியே பாதியில் நிற்கட்டும். அலுவலகத்தில் அனைவருக்கும் என் அன்பையும், அப்பாவின் தனி வணக்கத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நன்றியுள்ள
நூலக உதவியாளர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நாற்பது பிரதிகளும் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் முப்பத்துமூன்று முதல் நாற்பத்தெட்டு வரை எல்லாப் பக்கமும் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் என்ன என்று வண்ணப் படமே போட்டிருக்கிறீர்கள். ஆகவே மேலே உள்ள பாராட்டு முழுவதையும் அன்றைக்குப் பைண்டிங்கில் கண்ணயர்ந்தவரிடம் சேர்த்துவிடவும். நாளைக் காலை தலைமையாசிரியை பெட்டியைத் திறப்பார். அதற்குள் நானும் அப்பாவும் பசை டப்பாவோடு உட்கார்ந்து அந்தப் பதினாறு பக்கங்களையும் திறக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கிறோம். முப்பத்தொன்பது முடிந்தது. கடைசிப் பிரதியை மட்டும் அப்பா என்னிடமிருந்து பிடுங்கி, எழுத்துக்கூட்டி, பதினாறு பக்கத்தையும் படித்தார். பிறகு, "இதுல பந்தே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, பசையை அவரே தடவினார்.